டெஸ்டிங்குக்கு நிஜ வாடிக்கையாளர் தரவு வேண்டாம்: அது இல்லாமலே நன்றாக டெஸ்ட் செய்வது எப்படி

ரிலீஸ் நெருங்கும்போது எந்த டீமிலும் யாராவது ஒருவர் கேட்பார்: "ப்ரொடக்‌ஷன் டம்ப் ஒண்ணு எடுத்துக் குடுங்களேன், ரெண்டு நாள் டெஸ்ட் பண்ணிட்டு அழிச்சிடறோம்." அதாவது நிஜமாக ஓடும் செயலியின் டேட்டாபேஸை அப்படியே பிரதி எடுத்துக் கேட்கிறார். கேட்பவர் மேல் தப்பு சொல்ல முடியாது. கையால் அடித்துப் போட்ட பத்து இருபது ரெக்கார்டில் அழகாக ஓடிய செயலி, நிஜ ஆட்கள் உள்ளே வந்ததும் பொத்தென்று விழுந்ததைப் பார்த்தவர்தான் அப்படிக் கேட்பார். ஆனால் அந்த டம்புக்குள் இருப்பது பல லட்சம் பேருடைய ஆதார் எண், சம்பளம், வீட்டு முகவரி, கட்டாமல் விட்ட தவணை. கடன் வாங்குவதற்காகத்தான் அவர்கள் அதைக் கொடுத்தார்கள். நம் டெஸ்ட் சர்வரில் பொதுப் பாஸ்வேர்டு ஒன்றுக்குப் பின்னால் அது கிடக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. டெஸ்டருக்கு உண்மையில் அந்த ஆட்கள் தேவைப்படுவதில்லை. அவர்கள் தரவில் இருக்கும் கோணல்மாணல்தான் தேவை. கோணலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை அங்கேயே விட்டுவிடலாம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, தமிழ்நாட்டில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு சிறு கடன் நிறுவனத்தின் செயலியை நாம் டெஸ்ட் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனமும் ஆட்களும் உதாரணத்துக்குத்தான்.

டெஸ்ட் சர்வரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை

ப்ரொடக்‌ஷனுக்கு ஃபயர்வால், தணிக்கை, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவு எல்லாம் இருக்கும். ரிலீஸுக்கு முன் சோதித்துப் பார்க்கும் ஸ்டேஜிங் சர்வருக்கு அதில் பாதி இருந்தாலே பெரிய விஷயம். பழைய பேட்ச், பிழை தேடுவதற்கான டீபக் மோட் திறந்தபடி, வெண்டார் ஆட்களுக்கும் அதே லாகின், இரவில் யாரும் பார்ப்பதில்லை. அதே தரவைப் பூட்டு குறைந்த இடத்தில் இன்னொரு பிரதியாக வைத்தால், திருட வருகிறவன் அங்கேதான் போவான்.

2015-இல், கலைஞர்களுக்கு ரசிகர்கள் பணம் அனுப்பும் பேட்ரியான் தளத்துக்கு இதுதான் நடந்தது. இணையத்தில் வெளியே தெரிந்தபடி இருந்த ஒரு டீபக் பதிப்பு வழியாக ஆட்கள் உள்ளே வந்தார்கள். அந்த டெவலப்மென்ட் சர்வரில் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸின் பிரதி ஒன்று இருந்தது. நிறுவனமே பிறகு இதைச் சொன்னது. பயனர்களின் பெயர்கள், மின்னஞ்சல்கள், சிலருடைய முகவரிகள் எல்லாம் வெளியே போய்விட்டன. அங்கே உருவாக்கிய தரவு மட்டும் இருந்திருந்தால் அதே ஓட்டை வழியாக வந்தவர்களுக்கு ஆட்களின் விவரம் ஒன்றும் கிடைத்திருக்காது.

கோணல்களைப் பட்டியல் போடுங்கள்

டம்ப் கேட்டவரை உட்கார வைத்து, "கையால் செய்த தரவில் என்ன கிடைக்கவில்லை?" என்று கேளுங்கள். பதில் பொதுவாக இப்படி இருக்கும். நம் ஊர்ப் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால் செயலியில் 'கடைசிப் பெயர்' கட்டாயம், அதனால் கிளையில் இருப்பவர்கள் அங்கே ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போகிறார்கள். சென்னை முகவரியில் பழைய எண், புதிய எண் இரண்டும் சாய்கோடு போட்டு வரும். பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் எல்லாரும் ஜனவரி 1-இல் பிறந்தவர்களாக இருப்பார்கள். ஒரே மொபைல் எண்ணில் மாமியார், மருமகள், கொழுந்தன் மூன்று பேருக்கும் கடன் இருக்கும். பான் இல்லாதவர் படிவம் 60 கொடுத்திருப்பார். நாமினி பெயர் கேட்ட இடத்தில் 'மனைவி' என்று மட்டும் எழுதியிருக்கும்.

இதில் எது தனிமனிதரின் ரகசியம்? ஒன்றுமே இல்லை, எல்லாம் தரவின் வடிவம். கிளை ஊழியர், கால்சென்டர் ஆட்கள், பழைய பக் டிக்கெட்டுகள் இந்த மூன்றிலிருந்தே இப்படிப் பல கோணல்களைச் சேகரித்துவிடலாம். பழைய டிக்கெட்டுகள் தங்கச் சுரங்கம், அவற்றை முதலில் படியுங்கள்.

அப்புறம் எண்ணிக்கை. ப்ரொடக்‌ஷனில் அனுமதி உள்ள டேட்டாபேஸ் அட்மினிடம் சில குவெரிகளை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை) எழுதிக் கொடுத்து, விடையாக எண்களை மட்டும் கேளுங்கள்: பெயரின் நீளம் குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு; எத்தனை சதவீதத்தில் பான் காலி; ஒரே மொபைல் எத்தனை பேர் வரை பகிரப்படுகிறது; எந்தக் கிளையில் எத்தனை கடன். முகவரி மாதிரியான ஃபீல்டுக்கு ஒரு உத்தி இருக்கிறது: எல்லா எழுத்தையும் 'அ' என்றும் எல்லா இலக்கத்தையும் '9' என்றும் மாற்றச் சொல்லிவிட்டு, கிடைக்கும் வடிவங்களை மட்டும் எண்ணி எடுக்கலாம். '99/9அ, அஅஅஅ அஅஅ' என்பது யார் வீடு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் முகவரியைப் பிரிக்கும் நிரல் எங்கே திணறும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். "இந்தக் கிளையில் மாதம் நாலு லட்சத்துக்கு மேல் சம்பளம்: 1 நபர்" என்று வந்தால், ஊர்க்காரருக்கு அது யார் என்று உடனே புரியும். பத்துக்குக் கீழான எண்ணிக்கை எதுவும் வெளியே வரக்கூடாது, 'பத்துக்குக் குறைவு' என்று மட்டும் வரட்டும் என்று குவெரியிலேயே எழுதிவிடுங்கள்.

தரவை உருவாக்குவது

இங்கேதான் நிறைய நேரம் போகும், போகட்டும். பாதி வேலையை, கற்பனைப் பெயர், முகவரி எல்லாம் தானாக உருவாக்கித் தரும் ஃபேக்கர் போன்ற நிரல் நூலகங்கள் செய்துவிடும், அதில் இந்தியத் தமிழுக்கென்றே பெயர்களும் உண்டு. ஆனால் அவை தரும் தரவு ரொம்பச் சுத்தமாக இருக்கும், அதை அப்படியே எடுத்துக்கொண்டால் மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். மேலே எடுத்த கோணல்களை அதே விகிதத்தில் அதற்குள் கலக்க வேண்டும்: நூற்றுக்கு இத்தனை பேருக்குக் கடைசிப் பெயரில் புள்ளி, இத்தனை பேருக்கு ஜனவரி 1, இத்தனை பேருக்குப் பகிர்ந்த மொபைல்.

ஒரு ரெக்கார்டை மட்டும் கிட்டே வைத்துப் பார்ப்போம். 'செல்வராணி' என்று ஒரு பெயர் போடுகிறோம். நம் கண்ணுக்கு அதில் ஐந்து எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒன்பது குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 27 பைட். டேபிளில் அந்த ஃபீல்டுக்கு 20 பைட்தான் ஒதுக்கியிருந்தால் பெயர் நடுவில் வெட்டுப்படும், அதுவும் ஓர் எழுத்தின் பாதியில் வெட்டுப்பட்டு, கடன் ஒப்பந்தப் பிடிஎஃபில் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். இந்தப் பக்கைக் கண்டுபிடிக்க நிஜமான செல்வராணி யாரும் தேவையில்லை, நீளமான தமிழ்ப் பெயர் ஒன்று போதும்.

அடுத்தது மொபைல். இந்திய மொபைல் எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும். சும்மா வாய்க்கு வந்தபடி 98-இல் தொடங்கி ஓர் எண்ணை அடித்தால், அது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கையில் இருக்கும் எண். நீங்கள் 'கற்பனை' என்று நினைத்துப் போட்ட எண்ணுக்கு இரவு பதினொரு மணிக்குத் தவணை பாக்கி என்று எஸ்எம்எஸ் போகும். எஸ்எம்எஸ் சேர்கிறதா என்று பார்க்கும் டெஸ்டுக்கு அலுவலகமே சில சிம் வாங்கி வைத்துக்கொண்டு அந்த எண்களை மட்டும் பயன்படுத்துங்கள். மற்ற ரெக்கார்டுகளில் வடிவம் சரியாக இருக்கும் எந்த எண்ணும் இருக்கலாம், ஆனால் வெளியே போகும் வாசலை மூடியிருக்க வேண்டும். வாசலைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஆதாருக்கு 12 இலக்கம், கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களை வைத்து வெர்ஹோஃப் என்ற முறையில் கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம். முறைப்படி சரியாக வரும் எண்ணை நீங்களே உருவாக்கினால் அது யாருக்காவது சொந்தமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஆதார் எண் 0 அல்லது 1-இல் தொடங்குவதில்லை. அதனால் 1-இல் தொடங்கி, சரிபார்ப்பு இலக்கம் மட்டும் சரியாக இருக்கும்படி எண்களை உருவாக்கி, டெஸ்ட் சூழலில் 'முதல் இலக்கம்' விதியை மட்டும் ஒரு கான்ஃபிக் (செயலியின் அமைப்பு) வழியாகத் தளர்த்திவிடலாம். அந்த முதல் இலக்க விதியை யூனிட் டெஸ்டில் (நிரலின் சிறு துண்டை மட்டும் சோதிப்பதில்) தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள், அதை மறந்துவிட வேண்டாம். ஆதார் ஆணையத்தின் டெஸ்ட் சர்வரோடு பேசும் இடத்துக்கு, அவர்களே டெவலப்பர்களுக்கென்று டெஸ்ட் எண்கள் தருகிறார்கள், அவை போதும்.

பானும் அப்படித்தான். ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. நான்காவது எழுத்து தனிநபருக்கு 'பி', நிறுவனத்துக்கு 'சி' என்று வகையைச் சொல்லும். வகைப் பட்டியலில் இல்லாத 'எக்ஸ்' போன்ற எழுத்தை அங்கே போட்டால் அது யாருடைய பானாகவும் இருக்காது. மின்னஞ்சலுக்கு எக்ஸாம்பிள் டாட் காம் இருக்கவே இருக்கிறது; 1999-லிருந்தே இந்த மாதிரி வேலைகளுக்காக ஒதுக்கி வைத்திருக்கும் முகவரி அது, அங்கே எந்த நிஜ மனிதருக்கும் மெயில் பெட்டி கிடையாது. கார்டு எண்ணுக்குப் பேமென்ட் கேட்வேக்காரர்கள் தரும் டெஸ்ட் எண்களையே பயன்படுத்துங்கள். 4111-இல் தொடங்கி மீதி எல்லாம் 1 ஆக வரும் அந்தப் பதினாறு இலக்க எண் எல்லாருக்கும் தெரிந்ததுதான். உயிரோடு இருக்கும் கார்டு எண்ணைச் சாதாரண டெஸ்ட் சூழலில் வைக்கக் கூடாது என்பது கார்டு தரவுப் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதியும்கூட.

கணக்கு சார்ந்த டெஸ்டுக்கு நிஜத் தரவு வேண்டும் என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு இது கொஞ்சமும் புரிவதில்லை. ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 12 மாதத் தவணை: மாதத் தவணை 8,884 ரூபாய் 88 காசு. இதை 8,885 என்று முழு ரூபாயாக்கி வசூலித்தால் கடைசித் தவணை ஒன்றரை ரூபாய் அளவுக்குக் குறைய வேண்டும். செயலி அதைக் குறைக்கிறதா, இல்லை கடைசியிலும் 8,885 வாங்கிவிடுகிறதா என்பதுதான் டெஸ்ட். விடை நமக்கு முன்கூட்டியே தெரிந்த உதாரணங்களைக் கையால் எழுதுவதுதான் இங்கே நிஜத் தரவைவிடச் சிறந்தது. ஏனென்றால் ப்ரொடக்‌ஷனில் இருக்கும் எண் சரியா தவறா என்று யாருக்கும் தெரியாது, பழைய பக்கும் அதற்குள் சேர்ந்தே இருக்கும். ஜனவரி 31-இல் கொடுத்த கடன், பிப்ரவரி 29, சரியாக 18 வயது முடியும் நாளில் விண்ணப்பிப்பவர், இதையெல்லாம் நீங்களே எழுதுங்கள். டம்பில் அவை இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

பெரிய பாரத்தைச் செயலி தாங்குமா என்று பார்க்கும் லோடு டெஸ்ட் சற்று வேறு. அங்கே அளவோடு சாய்வும் வேண்டும். ஐம்பது லட்சம் ரெக்கார்டை நூறு கிளைகளுக்குச் சமமாகப் பிரித்துப் போட்டால் எல்லாக் குவெரியும் பறக்கும். நிஜத்தில் நான்கைந்து பெரிய கிளைகளில்தான் பாதிக் கடன் இருக்கும், அங்கே போய்த்தான் குவெரி நிற்கும். முன்பு எடுத்த கிளைவாரி எண்ணிக்கையை இதற்குப் பயன்படுத்துங்கள். அது போதும்.

பிரதிதான் வேண்டும் என்ற நிலை வந்தால்

வரும். பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாறும் மைக்ரேஷன் டெஸ்ட் அப்படிப்பட்டது. பதினைந்து வருடத்தில் யார் யாரோ எழுதிய தரவின் எல்லா விசித்திரத்தையும் எண்ணிக்கையை வைத்து ஊகித்துவிட முடியாது. அப்போது மாஸ்க் செய்த, அதாவது ஆளைக் காட்டும் விவரங்களை மாற்றி மறைத்த, பிரதி எடுக்கலாம். இதில் சறுக்கும் இடங்கள் பல.

மாஸ்கிங் ப்ரொடக்‌ஷன் எல்லைக்குள்ளேயே நடக்க வேண்டும். "டெஸ்ட் சர்வருக்குக் கொண்டுவந்துவிட்டு அங்கே மாஸ்க் பண்ணிக்கலாம்" என்றால் இடைப்பட்ட நேரத்தில் முழுத் தரவும் திறந்த இடத்தில் கிடக்கிறது. ஸ்கிரிப்ட் நடுவில் நின்றுபோனால் அப்படியே தங்கியும்விடுகிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பயன்படுத்துபவர்களுக்கு அனானிமைசர் என்றொரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, அதில் மாஸ்க் செய்தபடியே டம்ப் எடுக்கலாம். முழு டேட்டாபேஸையும் எடுக்காமல் ஒரு சிறு பகுதியை மட்டும், சம்பந்தப்பட்ட டேபிள்கள் அறுந்துவிடாமல் எடுப்பது இன்னும் நல்லது.

எந்த ஃபீல்டை மாஸ்க் செய்வது என்று பட்டியல் போடாதீர்கள். எதை மாஸ்க் செய்யாமல் விடலாம் என்று பட்டியல் போடுங்கள். பட்டியலில் இல்லாத எல்லாம் தானாக மாஸ்க் ஆக வேண்டும். அடுத்த மாதம் ஒரு டெவலப்பர் 'மாற்று மொபைல்' என்று புது ஃபீல்டு சேர்ப்பார், உங்களுக்குச் சொல்ல மாட்டார். முதல் வகைப் பட்டியலில் அது நழுவிவிடும், இரண்டாவதில் நழுவாது.

ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். ஜிஎஸ்டி எண்ணின் 15 இடங்களில் மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை இருப்பது அப்படியே அந்த ஆளுடைய பான். பானை மறைத்துவிட்டு ஜிஎஸ்டி எண்ணை விட்டால் ஒன்றும் மறைக்கவில்லை என்றே அர்த்தம். யூபிஐ ஐடியின் முதல் பாதி பல நேரம் மொபைல் எண்ணேதான். மின்னஞ்சலில் பெயரும் பிறந்த வருடமும் இருக்கும். ஸ்கேன் செய்த அடையாள அட்டைகள் டேபிளில் இல்லாமல் வேறு ஸ்டோரேஜில் இருக்கும், யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். கிளையில் மொபைலில் எடுத்த வீட்டுப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை இருக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது 'குறிப்பு' ஃபீல்டு. வசூலுக்குப் போனவர் அதில் எழுதியிருப்பதைப் படித்தால் மனசு கஷ்டப்படும்: யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் என்ன சண்டை, மகன் வேலை செய்யும் கடையின் எண். தமிழும் ஆங்கிலமும் கலந்து, எழுத்துப்பிழையோடு எழுதிய அந்த வாக்கியங்களுக்குள் பெயரையும் எண்ணையும் தேடிப் பிடிக்கும் கருவிகளை நான் நம்ப மாட்டேன். மைக்ரோசாஃப்டின் பிரெசிடியோ போன்றவை ஆங்கிலத்தில் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் இந்தக் கலவைக்கு அவை போதாது. குறிப்பு ஃபீல்டை முழுவதுமாக, அதே நீளமுள்ள வேறு எழுத்தால் நிரப்பிவிடுங்கள்.

அடுத்து, ஹேஷ் போட்டால் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை. ஹேஷ் என்பது ஒரு மதிப்பைத் திருப்பி எடுக்க முடியாததுபோல் தோன்றும் குறியீடாக மாற்றும் கணக்கு. 2014-இல் நியூயார்க் நகரத்து டாக்சிகளின் ஓராண்டுப் பயணப் பதிவு, கிட்டத்தட்ட 17 கோடி பயணங்கள், தகவல் உரிமைக் கோரிக்கை ஒன்றின் வழியாக வெளியே வந்தது. டாக்சி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் எம்டி5 ஹேஷ் போட்டு மறைத்திருந்தார்கள். அந்த எண்கள் எந்த வடிவத்தில் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். சாத்தியமான எல்லா எண்ணுக்கும் ஹேஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்த்த ஒருவர் சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். நம் மொபைல் எண்ணுக்கு மொத்தச் சாத்தியமே 400 கோடிதான். ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு அது சில நொடி வேலை. ஆகவே வெறும் ஹேஷ் வேண்டாம். ரகசியச் சாவி சேர்த்துச் செய்யும் எச்மேக் பயன்படுத்துங்கள், சாவி டெஸ்ட் சூழல் பக்கமே வரக்கூடாது. இப்படிச் செய்தால் ஒரே வாடிக்கையாளர் கடன் டேபிளிலும் வசூல் டேபிளிலும் ஒரே மாற்று எண்ணாகவே வருவார், இணைப்பு அறுந்துபோகாது. மைக்ரேஷன் டெஸ்டுக்கு அது ரொம்ப முக்கியம்.

பெயர், எண் எல்லாம் போனபிறகும் மிச்சம் இருப்பதே ஆளைக் காட்டும். லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் சொன்னது: ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்ற மூன்று மட்டும் இருந்தால் அந்நாட்டில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியே அடையாளம் காணலாம். நம் பின்கோடுக்குள் ஆட்கள் அதிகம் இருக்கலாம், ஆனால் நம் டேபிளில் தொழிலும் சம்பளமும் கடன் வாங்கிய நோக்கமும் கூடவே இருக்கின்றன. பிறந்த தேதியை ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் சில வாரங்கள் முன்னே பின்னே தள்ளுங்கள். பின்கோடில் கடைசி மூன்று இலக்கங்களை அதே மாவட்டத்து வேறு இலக்கங்களாக மாற்றுங்கள். சம்பளத்தை ஆயிரங்களுக்கு முழுமையாக்கி, உச்சத்தில் இருக்கும் சிலரை ஒரே வரம்புக்குள் அடக்குங்கள். தவணைத் தேதிகளை மட்டும் கண்டபடி தள்ளாதீர்கள். மாதக் கடைசி நடுமாதமாகிவிட்டால் வட்டிக் கணக்கு மாறி, இல்லாத பக்கைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

மாஸ்க் ஆகிவிட்டதா என்று எப்படித் தெரியும்

ஸ்கிரிப்ட் பச்சை விளக்கு காட்டியதை நம்பி விட்டுவிடக் கூடாது. நான் பரிந்துரைக்கும் முறை இது: மாஸ்கிங் தொடங்கும் முன், எடுத்த பிரதிக்குள் ஒரு கற்பனை வாடிக்கையாளரைச் சேருங்கள். பெயர், முகவரி, குறிப்பு, நாமினி, ஃபைல் பெயர் என்று ஒவ்வொரு ஃபீல்டிலும் வேறெங்கும் வரவே முடியாத விசித்திரமான சொல் ஒன்று இருக்கட்டும், 'ழகரக்கிளி' மாதிரி. மாஸ்கிங் முடிந்ததும் அந்தச் சொற்களை முழு டம்பிலும், தேடல் இன்டெக்ஸிலும், லாக் ஃபைல்களிலும் தேடுங்கள். ஒரு கிளி அகப்பட்டாலும் அந்த வழி ஒழுகுகிறது. கூடவே வெர்ஹோஃப் சரிபார்ப்பில் தேறி, 2 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும் 12 இலக்க எண்கள் எங்காவது இருக்கின்றனவா என்றும் ஒரு தேடல் ஓட்டுங்கள். பத்தில் ஒன்று தற்செயலாகத் தேறும் என்பதால் வந்ததைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் டம்ப் எடுக்கும் தானியங்கி வரிசையிலேயே (பைப்லைனில்) வைத்து, அகப்பட்டால் டம்ப் வெளியே போகாமல் நிற்கும்படி செய்துவிடுங்கள்.

வாசல்கள்

டெஸ்ட் சூழலிலிருந்து வெளியே போகும் எஸ்எம்எஸ், மெயில், வாட்ஸ்அப், ஐவிஆர் (பதிவுக்குரல்) அழைப்பு, கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகும் அறிக்கை எல்லாம் முதலில் அடைபட்டிருக்க வேண்டும். டீமின் சொந்த எண்களும் முகவரிகளும் மட்டும் அனுமதிப் பட்டியலில் இருக்கட்டும். மெயிலுக்கு மெயில்பிட் போல ஒன்றை வைத்தால் எல்லா மெயிலும் அங்கேயே விழும், பார்த்துக்கொள்ளலாம். இந்த அடைப்பு செயலியின் கான்ஃபிக்கில் மட்டும் இருந்தால் போதாது, நெட்வொர்க் மட்டத்திலும் வேண்டும். கான்ஃபிக் ஃபைலை யாராவது ப்ரொடக்‌ஷனிலிருந்து காப்பி அடித்துவிடுவார்கள். 2021 ஜூனில் எச்பிஓ மேக்ஸ் என்ற ஓடிடி தளத்தின் சந்தாதாரர்கள் பலருக்கு 'இன்டக்ரேஷன் டெஸ்ட்' என்று தலைப்பிட்ட வெற்று மெயில் ஒன்று போனது. அதில் ஒன்றும் இல்லாததால் உலகம் சிரித்துவிட்டுப் போனது. அதே இடத்தில் நம் செயலியிலிருந்து "உங்கள் கடன் வசூல் பிரிவுக்கு மாற்றப்பட்டது" என்று போயிருந்தால், அதைப் படிக்கும் ஒருவருக்கு அன்றிரவு தூக்கம் இருக்காது.

சின்ன வாசல்களும் இருக்கின்றன. ப்ரொடக்‌ஷன் பிரச்சினையை விளக்க, பக் டிக்கெட்டுகள் வைக்கும் ஜிராவில் ஒட்டும் ஸ்கிரீன்ஷாட், ஆட்டோமேஷன் ரிப்போர்ட்டில் தானாகச் சேரும் வீடியோ, வாட்ஸ்அப் குழுவில் போடும் எக்செல். டெஸ்ட் கேஸ் எழுத ஏஐ கருவிகளைப் பயன்படுத்துபவர்கள் டேபிளின் ஸ்கீமாவையும் (ஃபீல்டுகளின் அமைப்பையும்) கோணல் பட்டியலையும் கொடுங்கள், ரெக்கார்டைக் கொடுக்காதீர்கள். சொல்லப்போனால் கோணல் பட்டியலைக் கொடுத்தால்தான் அவை நல்ல டெஸ்ட் தரவே எழுதுகின்றன.

ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் வரும் பக்

இந்த இடத்தில்தான் எல்லா விதியும் தளரும். கிளையிலிருந்து போன், வாடிக்கையாளர் கவுண்டரில் நிற்கிறார், டெவலப்பருக்கு அந்த ரெக்கார்டு இப்போதே வேண்டும். அவசரம் நியாயமானது, அதனால் அவசரத்துக்கென்றே ஒரு வழியை முன்கூட்டியே செய்து வையுங்கள்: ஒருவர் ஒப்புதல், குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் பார்க்கும் அனுமதி, பார்த்ததற்குப் பதிவு, தரவு ப்ரொடக்‌ஷன் எல்லையை விட்டு வெளியே வராது.

உள்ளே போனதும் இப்படிச் செய்து பாருங்கள். அந்த ஒரு ரெக்கார்டை எல்லைக்குள்ளேயே ஒரு தனிச் சூழலில் பிரதி எடுத்து, பக் வருகிறதா பாருங்கள். வந்தால் பெயரை மாஸ்க் செய்து மறுபடி ஓட்டுங்கள். இன்னும் வருகிறதா? முகவரியை மாஸ்க் செய்யுங்கள். இப்படி ஒவ்வொன்றாகப் போனால் ஒரு கட்டத்தில் பக் காணாமல் போகும். கடைசியாக எதை மாஸ்க் செய்தீர்களோ அங்கேதான் காரணம் இருக்கிறது. உதாரணமாக நாமினி பெயரின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிக் குறியீடு இருந்திருக்கும். இப்போது மற்ற எல்லாம் மாஸ்க் ஆன ரெக்கார்டு கையில் இருக்கிறது, காரணமும் தெரியும். அந்தக் காரணத்தை மட்டும் வைத்துக் கற்பனை ரெக்கார்டு ஒன்றை எழுதி நிரந்தர டெஸ்டாகச் சேர்த்துவிடுங்கள். ஆளை மறைப்பதும் பக்கைத் தேடுவதும் இங்கே ஒரே வேலையாக நடந்துவிடுகிறது, எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

சட்டம், மேலாளர், பழைய டம்புகள்

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, கடமைகள் கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. தரவுக்குத் தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஐரோப்பிய வாடிக்கையாளருக்காகச் சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து டெஸ்ட் செய்பவர்களுக்கு 2018-லிருந்தே ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் இருக்கிறது. அதன்படி, மாற்று எண் போட்டு மறைத்த தரவு, சாவியை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தனிநபர் தரவேதான். மாஸ்க் செய்த பிரதிக்கும் பூட்டு, அனுமதி, அழிக்கும் தேதி எல்லாம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மேலாளர் "இதற்கெல்லாம் நேரம் எங்கே" என்று கேட்டால், ஒரே ஒரு டேபிளோடு தொடங்க அனுமதி கேளுங்கள். வாடிக்கையாளர் டேபிளுக்கு மட்டும் கோணல் பட்டியலும் உருவாக்கும் ஸ்கிரிப்டும் எழுதி, அதில் அகப்பட்ட பக்குகளைக் காட்டுங்கள். டம்ப் வருவதற்காக ஒப்புதல் மெயில்கள் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சமாவதை டீமே பார்த்துவிடும்.

அதோடு சேர்த்து, ஏற்கெனவே எடுத்த டம்புகளைத் தேட ஒரு நாள் ஒதுக்குங்கள். டெஸ்ட் சர்வரின் தற்காலிக ஃபோல்டர், டேட்டாபேஸ் அட்மினின் ஹோம் டைரக்டரி, பகிர்ந்த டிரைவ், கிளவுட் ஸ்டோரேஜில் 'பேக்கப்_பழையது' மாதிரியான பக்கெட், வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப் பிரதி, ஜிராவில் இணைத்த எக்செல்கள், சர்வரை அப்படியே பிரதி எடுத்து வைத்த மெஷின் இமேஜ் ஸ்னாப்ஷாட்கள். ஸ்னாப்ஷாட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டேட்டாபேஸிலிருந்து அழித்த தரவு அதற்குள் அப்படியே இருக்கும். கிடைத்த ஒவ்வொன்றுக்கும் யார் எடுத்தது, எதற்கு எடுத்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத டம்புகளைத் தணிக்கைக் குழுவிடம் சொல்லிவிட்டு அழியுங்கள். மீதி இருப்பவற்றின் ஃபைல் பெயரிலேயே அழிக்க வேண்டிய தேதியை எழுதி, அந்தத் தேதியில் தானாக அழிக்கும் வேலையை இரவு ஷெட்யூலில் போட்டுவிடுங்கள்.